மேற்பரப்பு அலைகளைக் கொண்டு நிலநடுக்கத்தின் அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அதுவும் ரிக்டர் அளவும் ஒன்றா?

இரண்டும் ஒன்றல்ல. 1935இல் சார்லஸ் ரிக்டர் வகுத்த அளவு, தெற்குக் கலிபோர்னியாவின் நிலநடுக்கங்களை ஒரு குறிப்பிட்ட வகைக் கருவியில், ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவுக்குள் பதிவு செய்து ஒப்பிடுவதற்கானது. அதற்கும் அப்பால் நிகழ்பவற்றை அளக்க, பெனோ கூட்டன்பர்க் 1945இல் மேற்பரப்பு அலைகளைக் கையிலெடுத்தார். புவியின் உள்ளே ஊடுருவிச் செல்லும் உடலலைகள் எல்லாப் பக்கமும் விரிந்து விரைவில் வலுவிழக்கின்றன; தரையை ஒட்டியே பரவும் அலைகள் மெல்லவே தேய்வதால், தொலைதூரப் பதிவுகளில் ஏறத்தாழ 20 நொடி அலைவு நேரம் (ஒரு முழு அலைவுக்கு ஆகும் நேரம்) கொண்ட அவற்றின் வீச்சே ஓங்கி நிற்கிறது.

இப்போது வழக்கிலுள்ள சூத்திரம் எளிமையானது. நிலத்தின் உச்ச அசைவை மைக்ரோமீட்டரில் எடுத்து, அலைவு நேரத்தின் நொடிகளால் வகுத்து, அதற்குப் பத்தடிமான மடக்கை காண வேண்டும். நிலநடுக்க மையம் நிலையத்திலிருந்து எத்தனை பாகை தொலைவில் உள்ளதோ அதன் மடக்கையை 1.66ஆல் பெருக்கிக் கூட்டி, மேலும் 3.3 சேர்க்க வேண்டும். 50 பாகை, அதாவது சுமார் 5,500 கிலோமீட்டர் தொலைவில், 20 நொடி அலை நிலத்தை 100 மைக்ரோமீட்டர் அசைத்தால், விடை 6.8. இதை முதன்முதலில் கையால் போட்டுப் பார்த்தபோது நான் வியந்துபோனேன்: ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதுவும் யாரும் உணர முடியாத அளவுக்கு மெதுவான அசைவு, அத்தனை தொலைவில் நடந்த பெரும் உடைப்பின் அளவைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் இம்முறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதை அறியாமல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுவது தவறு என்பதே என் உறுதியான கருத்து. 20 நொடி அலையின் நீளம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். பிளவு அதைவிடப் பன்மடங்கு நீளும்போது, கூடுதலாக வெளிப்படும் ஆற்றல் இன்னும் நீண்ட அலைகளுக்குப் போய்விடுவதால், 8ஐத் தாண்டியபின் இந்த அளவு உயரத் தயங்குகிறது. 1960இல் சிலியில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு நகர்ந்தபோது இம்முறை தந்தது சுமார் 8.5; பிளவின் பரப்பையும் நகர்வையும் கொண்டு கணக்கிடும், ஹிரூ கனமோரி 1977இல் முன்வைத்த திருப்புத்திறன் அளவில் அதே நிலநடுக்கம் 9.5. ஓர் அலகு உயர்ந்தால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு என்பதால், இது சிறிய வேறுபாடன்று.

மிக ஆழத்தில் நிகழும் நிலநடுக்கங்கள் மேற்பரப்பு அலைகளை அதிகம் எழுப்புவதில்லை. அவற்றுக்கும் இம்முறை பொருந்தாது. ஆயினும் இந்த அளவு கைவிடப்படவில்லை. நிலத்தடி அணுவெடிப்பு, உடலலைகளில் அதே அளவு காட்டும் நிலநடுக்கத்தைவிட மிக வலுவற்ற மேற்பரப்பு அலைகளையே எழுப்புகிறது. ஆகவே இரண்டு அளவுகளையும் அருகருகே வைத்துத்தான் ஓர் அதிர்வு வெடிப்பா, நிலநடுக்கமா என்று பிரித்தறிகிறார்கள்.