வேலையை விட்டால் வீடு கிடைக்குமா?

கேள்வி: கிழக்கு லண்டனில் தனியார் வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டு படுக்கையறை, ஒரு ஹால். ஆறு பிள்ளைகள்: மூத்த மகளுக்கு 15, மகன்களுக்கு 13, 11, அடுத்த மகளுக்கு ஒன்பதரை, மகனுக்கு 6, கடைக்குட்டிக்கு 3. கணவர் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வாரம் 30 மணி நேரம் வேலை செய்கிறார். மிச்சத்துக்கு அரசின் யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை வருகிறது. கவுன்சில் (உள்ளூராட்சி) வீட்டுக்குப் பதிந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. "வேலையை விட்டால் காசும் கூடும், வீடும் கெதியாகக் கிடைக்கும். இரண்டு பிள்ளைக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள்" என்று நண்பர் ஒருவர் சொன்னதிலிருந்து கணவருக்கு அதே யோசனை. எங்கள் சனமோ "ஆறைப் பெற்றுவிட்டு அரசாங்கத்திடம் கையேந்துகிறார்கள்" என்கிறது. நான் ஒன்றுகூடல்களுக்குப் போவதையே விட்டுவிட்டேன். என்ன செய்வது?

– பெயர் வேண்டாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் வேலையை விடக் கூடாது. இந்தப் பக்கத்தை அவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. 2017 ஏப்ரல் 6 முதல் பிறந்த பிள்ளை, குடும்பத்தில் மூன்றாவதோ அதற்கு மேலோ என்றால், யூனிவர்சல் கிரெடிட்டில் அந்தப் பிள்ளைக்குத் தொகை கிடையாது என்பதுதான் அந்தக் கட்டுப்பாடு. உங்கள் கடைசி இரண்டு பேரும் அதில்தான் அகப்பட்டார்கள். 2026 ஏப்ரலிலிருந்து அது நீங்கும் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நண்பர் சொல்லாமல் விட்டது பெனிஃபிட் கேப், அதாவது ஒரு வீட்டுக்கு வரும் அரசு உதவித்தொகைகளின் மொத்தத்துக்கான உச்சவரம்பு. 2013-இல் வந்த அந்த உச்சவரம்பு அப்படியேதான் இருக்கிறது.

லண்டனில் ஒரு குடும்பத்துக்கு அது வருடத்துக்கு 25,323 பவுண்ட், மாதத்துக்கு 2,110 சொச்சம். பிள்ளை ஒன்றானாலும் ஒன்பதானாலும் அதே தொகைதான். பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிஃபிட் தொகையும் அதற்குள் அடக்கம். 2025–26 கணக்கில் மூத்த பிள்ளைக்கு வாரம் 26.05, மற்ற ஒவ்வொருவருக்கும் 17.25. உங்கள் ஆறு பேருக்கும் சேர்த்து மாதம் கிட்டத்தட்ட 487 பவுண்ட் வரும். அது போக யூனிவர்சல் கிரெடிட் 1,620 சொச்சத்துக்கு மேல் வராது. இரண்டும் சேர்ந்த 2,110 சொச்சத்துக்குள்தான் வாடகை, சாப்பாடு, மின்சாரம், எட்டுப் பேரின் சப்பாத்து எல்லாம். உங்கள் வாடகையை இதிலிருந்து கழித்துப் பாருங்கள்.

இப்போது இந்தக் கேப் உங்களைத் தொடாமல் இருப்பதற்குக் காரணம் கணவரின் வேலைதான். கணவன் மனைவி இருவரின் கைக்கு வரும் சம்பளமும் சேர்ந்து, வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்ச ஊதியத்தின் அளவுக்கு இருந்தால் விலக்கு உண்டு. 2025–26-இல் அது மாதம் 846 பவுண்ட். குறைந்தபட்ச ஊதியம் ஏற ஏற இதுவும் ஏறும். அந்த எல்லைக்கு மேல் இருக்கிற வரைக்கும், கட்டுப்பாடு நீங்கியதால் கூடுகிற பிள்ளைத் தொகை முழுதாக உங்கள் கைக்கு வரும். வேலையை விட்டால் அந்தத் தொகை கேப்புக்குள் போய்விடும். ஒரு பவுண்ட் உழைத்தால் 55 பென்ஸ் வெட்டுகிறார்கள் என்ற எரிச்சல் அவருக்கு இருக்கலாம். அது நியாயமான எரிச்சல்தான். ஆனாலும் கணக்கு இதுதான்.

இன்னொரு பொறி உண்டு. ஒரு வருடம் தொடர்ந்து அந்த அளவு சம்பாதித்தவர் வேலையை நிறுத்தினால், ஒன்பது மாதத்துக்குக் கேப் விழாது. அதனால் "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றும். பத்தாவது மாதம் வெட்டு விழும்போது பழைய வேலை இருக்காது. போதாததற்கு, காரணமில்லாமல் தானாக வேலையை விட்டவருக்குத் தண்டனையாக உதவித்தொகையைக் குறைக்கவும் செய்யலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது நோய், உடல் மன குறைபாட்டுக்கான உதவித்தொகையான பிப் அல்லது டிஎல்ஏ வருகிறதா? பிள்ளைக்கு வந்தாலும் கேப்பிலிருந்து விலக்கு உண்டு. ஒரு பிள்ளைக்கு ஆட்டிசமோ வேறு குறைபாடோ இருந்தும் வெட்கத்தில் விண்ணப்பிக்காமல் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. நீங்கள் அப்படி இருக்க வேண்டாம்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். வேலை இல்லாதவருக்கு வீடு முந்திக் கிடைக்கும் என்று சட்டம் இல்லை. இட நெருக்கடியில் வாழ்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்றுதான் இருக்கிறது. அறைக் கணக்கைப் பாருங்கள். உங்கள் இருவருக்கும் ஒன்று, மூத்த மகளும் ஒன்பதரை வயது மகளும் ஒன்றில், பெரிய பையன்கள் ஒன்றில், பத்து வயதுக்குக் கீழே என்பதால் கடைசி இருவரும் ஒன்றில். ஆக நான்கு. உங்களிடம் இருப்பது இரண்டு. இரண்டு அறை குறைவு என்பது பல கவுன்சில்களில் மேல் வரிசைக்குப் போகக்கூடிய காரணம்.

1985-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் இதைவிடக் கறாரானது. அது ஹாலையும் தூங்கும் அறையாகத்தான் எண்ணும். அப்படி எண்ணியும் மூன்று அறைக்கு ஐந்து பேர்தான் அனுமதி. ஒரு வயதிலிருந்து பத்து வயதுக்குள் உள்ள பிள்ளை அரை ஆளாகக் கணக்கு. உங்கள் வீட்டில் ஆறரை வருகிறது. அதாவது சட்டப்படியே நெரிசலான வீடு. இதை விண்ணப்பத்தில் வெறுமனே "இடம் போதவில்லை" என்று எழுதியிருந்தால் யார் கண்ணிலும் படாது. வயது, அறை அளவு, யார் எங்கே படுக்கிறார்கள் என்பதை எழுதி, சட்டப்படி அளந்து பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். வீட்டுச் சொந்தக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் இருந்தால், அளக்கச் சொல்லுமுன் ஷெல்ட்டர் அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பில் பேசிவிடுங்கள். ஆலோசனை இலவசம்.

எந்தக் கோபத்திலும் இந்த வீட்டை நீங்களாக விட்டு வெளியேற வேண்டாம். "வேண்டுமென்றே வீடிழந்தவர்" என்று கவுன்சில் முடிவெடுத்தால், மேற்கொண்டு நிரந்தர வீடு தரும் கடமை அவர்களுக்கு இல்லாமல் போகும்.

பெரிய கவுன்சில் வீடுகள் மிகக் குறைவு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தனியார் வாடகைக்கான உதவியும் நான்கு படுக்கையறையோடு நின்றுவிடும். லண்டனுக்கு வெளியே போகலாமா என்று ஒருமுறை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். வாடகை குறையும். ஆனால் அங்கே கேப்பும் குறைவு, 22,020 பவுண்ட். கணவருக்கு அங்கே வேலை உறுதியான பிறகுதான் மற்றது.

அப்புறம், அந்தப் பேச்சு. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அதுதான். வாரம் 30 மணி நேரம் நின்று வேலை செய்து வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் கட்டுகிறவரைக் கையேந்துகிறவர் என்று யார் சொல்ல முடியும்? இரண்டு பிள்ளைக் கட்டுப்பாட்டில் அடிபட்ட குடும்பங்களில் பாதிக்கு மேல் உழைக்கும் குடும்பங்கள்தான். இந்தத் தொகை பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் உரியது. ஆறாவதாகப் பிறந்ததற்கு அந்த மூன்று வயதுக் குழந்தை என்ன பிழை செய்தது? ஒன்றுகூடலுக்குப் போங்கள் சகோதரி. உங்களைப் போலவே நான்கைந்து பிள்ளைகளோடு ஒடுங்கி இருக்கும் இன்னொரு தாய் அங்கே இருப்பார்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: விசாவில் பொது நிதி உதவி இல்லை என்று போட்டிருந்தால், சைல்ட் பெனிஃபிட் உட்பட எதற்கும் விண்ணப்பிக்குமுன் குடிவரவு ஆலோசகரிடம் கேளுங்கள். தெரியாமல் எடுத்தாலும் விசாவைப் பாதிக்கலாம்.

மூத்த மகள் இந்த வருடம் ஜிசிஎஸ்இ பள்ளித் தேர்வுக்குப் படிக்கிறாள் என்று நினைக்கிறேன். அவளுக்கு வீட்டில் படிக்க இடமில்லை என்று பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கவுன்சிலுக்கு அனுப்புங்கள். அவளுக்கு 16 ஆனதும் தனி அறைக் கணக்கு வரலாம், வந்தால் உங்கள் தேவை ஐந்து அறையாகும். அந்த வயது எல்லை கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், கேட்டுப் பாருங்கள். கவுன்சில் அதைத் தானாகப் பார்த்து மாற்றும் என்று காத்திருக்க வேண்டாம். பிறந்தநாள் அன்றே அறிவித்துவிடுங்கள்.