பழைய ஆளுநர் மாளிகையில் தீபாவளி அலங்காரம்

கேள்வி: பினாங்கில் ஆளுநர் குடியிருந்த காலத்துப் பழைய மாளிகை ஒன்றின் சாப்பாட்டு மண்டபத்தில் எங்கள் மாதர் சங்கத்தின் தீபாவளி விருந்து. மாவிலைத் தோரணம், வண்ண அரிசிக் கோலம், குத்துவிளக்கு எல்லாம் வைக்க ஆசை. எதையாவது கெடுத்துவிடுவோமோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்? (வாசகி, ஜெலுத்தோங்)

பதில்: மூன்றையும் தாராளமாக வையுங்கள், சகோதரி. கட்டடத்தில் எதையும் ஒட்டாதீர்கள், மாட்டாதீர்கள், அவ்வளவுதான்.

அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லின் மேல் சுண்ணாம்புப் பூச்சு. டேப்பை உரித்தால் வெள்ளையும் கூடவே உரிந்து வரும். ஆணி அடித்தால் பூச்சு பொலபொலவென்று உதிரும். ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்துச் சஃபோக் மாளிகையும் ஆளுநர்கள் வாழ்ந்த வீடுதான். 1928-இல் மெதடிஸ்ட் சபை கைக்குப் போய்ப் பள்ளிக்கூடமாகி, பின்பு பாழடைந்து கிடந்தது. அதை மீட்டெடுத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அப்படி உழைத்துக் காப்பாற்றிய சுவர்களில் ஓர் ஆணிகூட அடிக்க எனக்கு மனம் வராது. தோரணத்துக்கு வாசலின் இருபக்கமும் தானாக நிற்கும் கம்பங்கள் வையுங்கள், அடியில் தடித்த துணி போட்டு. வாழைமரம் கட்டுவதென்றால் வெளியே படிக்கட்டோடு சரி. வாழைக்கறை லேசில் போகாது.

எனக்குப் பெரிய கவலை மேசைதான். பழைய சாப்பாட்டு மேசைகளில் பெரும்பாலும் அரக்குப் பாலிஷ் இருக்கும். சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. ஒருமுறை மல்லிகைச் சரத்தை வெறும் மேசைமேல் நீளவாக்கில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பூ வாடாமலிருக்கத் தெளித்த தண்ணீர் சரத்திலேயே இருந்திருக்கிறது. காலையில் எடுத்துப் பார்த்தால், சரம் கிடந்த இடமெல்லாம் முடிச்சு முடிச்சாக வெள்ளைத் தடம். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கும். ஆகவே முதலில் தடித்த கம்பளித் துணி, அதன்மேல் மேசைவிரிப்பு, பூவைத் தட்டில்தான் வைக்க வேண்டும். சூடான பாத்திரங்கள் பக்கத்தில் தனி மேசைக்குப் போகட்டும்.

குத்துவிளக்கை மணல் பரப்பிய பித்தளைத் தாம்பாளத்தில், திரைச்சீலைக்கும் மின்விசிறிக்கும் எட்டத்தில் வையுங்கள். தீ ஏற்றலாமா என்று மாளிகைப் பொறுப்பாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் வராந்தாவில் ஏற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் கோலம். தரையில் நேரே போடாமல், கறுப்புத் துணி விரித்த பிளைவுட் பலகையில் போடுங்கள். சாயம் ஏற்றிய அரிசி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்; ஈரம் பட்டால் சிவப்பும் பச்சையும் தரையில் இறங்கிவிடும். விருந்து முடிந்த இரவே பலகையோடு தூக்கி வெளியே எடுத்துவிடுங்கள். விடியும்வரை விட்டால் எறும்பும் எலியும் வந்துவிடும்.