கார்லோட்டா சிகாண்டா: கேள்வி பதில்

கேள்வி: ஐரோப்பிய, அமெரிக்க மகளிர் கோல்ஃப் அணிகள் மோதும் சோல்ஹைம் கோப்பையில் மட்டுமே இவரைப் பார்த்திருக்கிறேன். எங்கிருந்து வந்தவர்?

பதில்: 1990 ஜூன் 1 அன்று, ஸ்பெயினின் வடக்கே நவார்ரா பகுதியிலுள்ள பம்ப்லோனாவில் பிறந்தவர். 2007இல் பிரிட்டிஷ் மகளிர் அமெச்சூர் பட்டத்தை வென்றார். பின்னர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 2009இல் கல்லூரிகளுக்கிடையேயான தேசியப் பட்டத்தை வென்ற அணியில் இடம்பெற்றார். 2011இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். மறு ஆண்டே நெதர்லாந்திலும் சீனாவிலும் வென்று, ஐரோப்பியச் சுற்றில் (ஐரோப்பிய மகளிர் தொழில்முறைப் போட்டித் தொடரில்) பரிசுத்தொகைப் பட்டியலின் முதலிடத்தையும் சிறந்த புதுமுக விருதையும் ஒருசேரப் பெற்றார்.

கேள்வி: 2023இல் பிரான்சில் நடந்த எவியான் கோல்ஃப் போட்டியில் இவரைத் தகுதிநீக்கம் செய்தது நியாயமா?

பதில்: விதிப்படி வேறு வழியில்லை. இரண்டாம் சுற்றில் ஆட்டத்தைத் தாமதப்படுத்தினார் என்று நடுவர்கள் அவர் கணக்கில் இரண்டு அடிகளைக் கூட்டும்படி தண்டம் விதித்தனர். அவர் முறையிட்டும் முடிவு மாறவில்லை. அந்த இரண்டு அடிகளைச் சேர்க்காமலேயே மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்டார். தண்டம் இருப்பதை அறியாமல் விட்டிருந்தால் விதியில் சலுகை உண்டு. அவருக்கோ அது முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆட்டத்தை விரும்பும் எனக்கும் இதில் மாற்றுக்கருத்து இல்லை.

கேள்வி: அதே ஆண்டு சோல்ஹைம் கோப்பையில் அவர் செய்ததை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பதில்: எவியான் முடிந்து இரண்டே மாதங்களில், அந்தலூசியாவின் ஃபின்கா கோர்த்தெசின் மைதானத்தில், அதாவது சொந்த நாட்டில், ஐரோப்பிய அணியின் ஒரே ஸ்பானியராக அவர் களமிறங்கினார் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். முதல் நாள் காலை நான்கு ஆட்டங்களையும் அமெரிக்கா வென்றிருந்தது; அவற்றில் அவர் ஆடவில்லை. அதன்பின் ஆடிய நான்கிலும் வென்றார். கடைசி நாள் ஒற்றையர் ஆட்டத்தில் எதிரே நின்றவர் அமெரிக்காவின் நெல்லி கோர்டா. பதினைந்து குழிகள் முடிந்தபோது இருவரும் சமநிலையில் இருந்தனர். பதினாறாவது குழியில் பந்தைக் கொடியருகே நிறுத்தி பேர்டி (குழிக்கு நிர்ணயித்த அடிகளைவிட ஒன்று குறைவு) எடுத்தார். பதினேழிலும் பேர்டி எடுத்து, ஒரு குழியே மிஞ்சியிருக்க இரண்டு குழிகள் முன்னிலை பெற்று, ஆட்டத்தை அங்கேயே முடித்தார். அதுதான் ஐரோப்பாவின் பதினான்காவது புள்ளி. இறுதியில் 14-14 என்று முடிந்தது. இப்போட்டியின் வரலாற்றில் அதுவே முதல் சமன். நடப்பு வெற்றியாளர் என்பதால் கோப்பை ஐரோப்பாவிடமே தங்கியது. நாடு முழுவதும் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவருக்கு எதிராக, அடுத்தடுத்து இரண்டு பேர்டிகள் எடுப்பதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும் என்பது இந்த ஆட்டத்தை ஒருமுறையேனும் ஆடிப் பார்த்தவர்களுக்கு நன்றாகப் புரியும்.

கேள்வி: 2016க்குப் பிறகு எட்டரை ஆண்டுகள் எல்.பி.ஜி.ஏ. (அமெரிக்க மகளிர் தொழில்முறைச் சுற்று) பட்டமே இல்லையே, அது சரிவுதானே?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். 2016இல் தென்கொரியாவிலும் மெக்சிகோவிலும் ஒரு மாத இடைவெளிக்குள் வென்றபின், அமெரிக்கச் சுற்றில் பட்டம் கைகூடவில்லை என்பது உண்மை. ஆனால் அக்காலத்தில் ஸ்பெயின் ஓப்பன் உட்பட ஐரோப்பியச் சுற்றில் வென்றார். ரியோ, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் நாட்டுக்காக ஆடினார். 2025 ஜூனில் மிச்சிகனில் நடந்த மெய்ஜர் கிளாசிக் போட்டியில், கடைசி இரண்டு குழிகளிலும் பேர்டி எடுத்து, ஒரே அடி வித்தியாசத்தில் மூன்றாவது எல்.பி.ஜி.ஏ. பட்டத்தை வென்றார். வெறும் பட்டக் கணக்கை வைத்து அவரை அளப்பவர்கள், இத்தனை ஆண்டுகளும் அவர் போட்டியில் நிலைத்து நின்றதைக் காணத் தவறுகிறார்கள்.

கேள்வி: மேஜர் எனப்படும் தலையாய போட்டிகளில் பட்டம் ஏதும் உண்டா?

பதில்: 2025 வரை இல்லை.