தூளி ஆடினால் வெறித்துப் பார்க்கும் நாய்

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு வயதுச் சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. பிரசவத்துக்கு வந்த மகளும் ஐம்பது நாள் பேரனும் எங்களோடு இருக்கிறார்கள். பரமசாதுவாக இருந்த மணி இப்போது கூடத்து மூலையில் சிறுநீர் கழிக்கிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை, தூளியை ஆட்டினால் வெறித்துப் பார்க்கிறது. போன வாரம் குழந்தையை அதன் முகத்தருகே காட்டியபோது உறுமியது. என் கணவர் அடித்துக் கொல்லையில் கட்டிவிட்டார். இரவெல்லாம் ஊளையிடுகிறது. பொறாமைதான், எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, சாத்தூர்

பதில்: உறுமியதற்காக அடித்ததுதான் இதில் பெரிய தவறு, உங்கள் கணவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொள்வது, உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, வெள்ளைவிழி தெரிய ஓரமாகப் பார்ப்பது என்று அது தன் சங்கடத்தை முன்னரே காட்டியிருக்கும். யாரும் கவனிக்காததால் உறுமியிருக்கும். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும். குழந்தையை அதன் முகத்தருகே கொண்டுபோவதை இன்றோடு நிறுத்துங்கள்.

பொறாமை என்று சொல்லிவிட்டால் நாம் யோசிக்க எதுவும் மிஞ்சாது. பிள்ளை பெற்ற வீட்டில் காலை நடை நின்றுபோகும். பார்க்க வருகிறவர்கள் ஓயமாட்டார்கள். இரவில் அழுகை, காலையில் சாம்பிராணிப் புகை, நாய் கிட்டே வந்தால் அதட்டல். மணியின் நாள் தலைகீழாகிவிட்டது என்பதே உண்மை. ஆனாலும் சிறுநீர்த் தொற்றோ வேறு வலியோ இருந்தாலும் நாய் இப்படி நடந்துகொள்ளும் என்பதால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம்.

என்னை அதிகம் உறுத்துவது தூளிதான். சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்ட இனம். அசைவதைக் கண்ணால் பிடித்துத் துரத்துவது அதன் பிறவிக் குணம். உடல் விறைக்க, கண் சிமிட்டாமல் ஆடும் தூளியைப் பார்ப்பதைப் பாசம் என்றோ காவல் என்றோ எண்ணி இருந்துவிடாதீர்கள். தூளி இருக்கும் அறைக்குத் தடுப்புக் கதவு போடுங்கள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போகும் அரை நிமிடமானாலும் இருவரையும் தனியே விடாதீர்கள்.

கொல்லையில் கட்டிப்போட்டால் ஏக்கமும் எரிச்சலும்தான் கூடும். பழைய நேரத்துக்கே நடைக்கு அழைத்துப் போங்கள். நம் வீடுகளில் குழந்தை தூங்கிய பிறகுதான் நாயைக் கொஞ்சுவதற்கு நேரம் கிடைக்கிறது. குழந்தை இருந்தால் தனக்கு ஒன்றுமில்லை என்று அது கற்றுக்கொள்வதும் அதனால்தான். இதை மாற்றுங்கள். மகள் குழந்தையோடு கூடத்தின் ஒரு கோடியில் உட்காரட்டும். மறு கோடியில் ஒருவர் மணியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, அது இயல்பாக இருக்கும்வரை வேகவைத்த கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கட்டும். குழந்தை உள்ளே போனதும் கோழியும் நிற்க வேண்டும். நாள் கணக்கில், சில வேளை வாரக் கணக்கில், தூரத்தைக் குறையுங்கள். உடல் விறைத்தால் பின்வாங்குங்கள்.

பல் பட்டுச் சிறு கீறல் விழுந்தாலும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த வெறித்த பார்வை குறையவில்லை என்றால், குழந்தைகள் இல்லாத, தெரிந்த குடும்பத்தில் ஒப்படைப்பதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வருவது வேறு. பசியில் வாடும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மகள் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டு அடுத்து வரும்போது பேரன் தவழ்வான்; அப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.