புது காரில் கோல்ட் ஏர் இன்டேக்: வாரன்டி போய்விடுமா?

கேள்வி: நான்கு மாதம் முன்பு ஒரு டர்போ பெட்ரோல் கார் வாங்கினேன். விலை பதினான்கு லட்சத்தைத் தாண்டியது. பம்பருக்குள் குழாயைக் கீழே இறக்கி, வெளிக்காற்றை நேராக இழுக்கும் கோல்ட் ஏர் இன்டேக் ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன், 28,000 ரூபாய். "அதை மாட்டினால் வண்டியின் மொத்த வாரன்டியும் காலி" என்கிறார் ஷோரூம் சர்வீஸ் அட்வைசர். "அப்படி மறுக்கச் சட்டத்தில் இடமே இல்லை, இது கலிஃபோர்னியாவிலேயே அனுமதி வாங்கிய பொருள்" என்கிறார் விற்பவர். யார் சொல்வது சரி? போலீஸ், ஆர்டிஓ தொல்லை வருமா? இன்சூரன்ஸ் என்ன ஆகும்? (வாசகர், மேடவாக்கம்)

பதில்: இரண்டு பேருமே அரைக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள். விற்பவரை முதலில் பார்த்துவிடலாம்.

அவர் சொல்லும் சட்டம் உண்மையில் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் இருக்கிறது. 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரன்டிச் சட்டம், 'எங்கள் பிராண்டு பாகத்தை மட்டுமே போட வேண்டும், இல்லாவிட்டால் வாரன்டி கிடையாது' என்று கம்பெனிகள் நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. யூடியூபில் இன்டேக் பற்றிப் பேசுகிறவர்கள் தைரியமாகப் பேசுவது இதை நம்பித்தான். நம் ஊரில் அதற்கு நேரான சட்டம் கிடையாது. கலிஃபோர்னியா அனுமதியும் அப்படியே. அங்குள்ள காற்று வள வாரியம் குறிப்பிட்ட பாகத்துக்கு, குறிப்பிட்ட மாடல் வண்டிகளுக்கென்று ஆணை எண் கொடுக்கும். சோழிங்கநல்லூர் ஆர்டிஓ அலுவலகத்தில் அந்த எண்ணைக் காட்டினால் ஒரு பயனும் இல்லை.

இங்கே வாரன்டி என்பது உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். காருடன் கொடுத்த வாரன்டி புத்தகத்தை எடுத்து, எவையெல்லாம் சேராது என்று சொல்லும் பக்கத்தைப் படியுங்கள். அதில் ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள். 'மாற்றம் செய்ததால் ஏற்பட்ட பழுதுக்கு வாரன்டி இல்லை' என்று இருக்கிறதா, 'மாற்றம் செய்தாலே வாரன்டி இல்லை' என்று இருக்கிறதா? முதல் வகை வாசகம் இருந்தால், சர்வீஸ் அட்வைசர் சொன்ன 'மொத்தமும் காலி' அவருடைய சொந்தச் சரக்கு. ஏர் ஃபில்டரை மாற்றினீர்கள் என்பதற்காக பவர் விண்டோ மோட்டாரை மாற்றித் தர மறுத்தால், அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. கம்பெனியின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பதினான்கு லட்சத்து வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இரண்டாவது வகை வாசகம் இருந்தாலும் அது நியாயமற்ற நிபந்தனை என்று வாதிட வழி இருக்கிறது. ஆனால் அது சுலபமான வழி இல்லை.

இதெல்லாம் பவர் விண்டோவுக்கு. டர்போ போய்விட்டால்?

அங்கேதான் நீங்கள் வாங்கப்போகும் பொருளின் வேலை உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் என்றால், எண்ணெய் அதிகமாகப் பட்டிருந்தால் அது காற்றின் அளவைப் பார்க்கும் சென்சாரில் போய்ப் படியும். சென்சார் தப்பாகக் கணக்குச் சொல்லும், எரிபொருள் கலவை மாறும், செக் எஞ்சின் விளக்கு எரியும், எல்லாம் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் பதிவாகும். ஃபில்டர் சரியாகப் பொருந்தாமல் தூசி உள்ளே போனால், வேகமாகச் சுழலும் டர்போவின் இறக்கைகளை அது அரித்துவிடும். பழுதான பாகமும் நீங்கள் மாற்றிய பாகமும் ஒரே காற்றுப்பாதையில் இருக்கும்போது, 'இதனால் அது கெடவில்லை' என்று காட்டுகிற பாரம் நடைமுறையில் உங்கள் தலையில்தான் விழும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவின்படி பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்தைக் கேட்கலாம். அறிக்கை வரும்வரை வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும், தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். இதே சட்டத்தின் 87-வது பிரிவையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: குறையுள்ள பொருளால் ஆளுக்கோ சொத்துக்கோ சேதம் நேர்ந்த சமயத்தில் அந்தப் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால், விற்ற டீலர் மீது பொருள் பொறுப்பு வழக்குப் போட முடியாது.

சரி, போலீஸ். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்சி புக் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 'மாற்றம்' என்றால் வண்டியின் கட்டமைப்பை மாற்றி, அதனால் அதன் அடிப்படை அம்சமே மாறுவது என்று விளக்கமும் தருகிறது. இன்டேக் மாட்டினால் எஞ்சின் நம்பர் மாறாது, சிசி மாறாது, எரிபொருள் மாறாது, எடையில் சொல்லும்படி வித்தியாசம் இராது. அதனால் 52-ஐ மட்டும் வைத்து உங்களைப் பிடிப்பது கஷ்டம் என்பது என் கருத்து. ஆனால் கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டது. அது வண்டியின் உடலமைப்பை மாற்றுவது பற்றிய வழக்கு. ஆனாலும் சோதனையில் நிறுத்தும் அதிகாரி அந்தத் தீர்ப்பை அகலமாகத்தான் படிப்பார். வாளையாரைத் தாண்டி அடிக்கடி போகிறவராக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை; மாற்றம் செய்த வண்டிகள் விஷயத்தில் கேரளத்தின் கெடுபிடி தெரிந்ததுதானே.

தண்டனை என்னவென்றால், 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 182ஏ(4) பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 190(2). சத்தம், புகை வரம்பை மீறும் வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். உங்கள் பிஎஸ்-6 கார் புகைச் சோதனையிலும் சத்தச் சோதனையிலும் தேறியது ஒரிஜினல் ஏர் பாக்ஸோடுதான் (ஏர் ஃபில்டர் உட்காரும் பெட்டி). இன்டேக் மாட்டுபவர்கள் பெரும்பாலோர் கூடவே ஈசியூ ரீமேப்பும், அதாவது அந்தக் கணினியின் மென்பொருளை மாற்றுவதும், செய்துவிடுகிறார்கள். அதைச் செய்தால் மேலே நான் உங்களுக்காகப் பேசிய வாதமெல்லாம் வலுவிழந்துவிடும்.

இன்சூரன்ஸ்தான் நீங்கள் கடைசியாகக் கேட்டது. முதலில் கேட்டிருக்க வேண்டியது. ஊர் மேடவாக்கம் என்று எழுதியிருக்கிறீர்களே! பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருக்கிறது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரிஜினல் ஏர் பாக்ஸின் வாய் பெரும்பாலான கார்களில் பானெட்டுக்கு அடியில், மேலே இருக்கும். நீங்கள் வாங்க நினைப்பது அந்த வாயைப் பம்பருக்குள் முழங்கால் உயரத்துக்கு இறக்குகிறது. தேங்கிய தண்ணீரில் ஓட்டினால் எஞ்சின் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் பிளாக்கே உடையும்.

சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி வெள்ளத்தால் வரும் சேதத்துக்குப் பணம் தரும். ஆனால் தண்ணீர் புகுந்து எஞ்சின் இறுகிவிட்டால், அது 'பின்விளைவு இழப்பு' என்று கம்பெனிகள் ஒதுக்கிவிடுவது வழக்கம். அதற்கென்றே எஞ்சின் ப்ரொடெக்ட் என்று தனி ஆட்-ஆன் விற்கிறார்கள். அது உங்களிடம் இருந்தாலும், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பானெட்டைத் திறந்து கீழே போகும் குழாயை போட்டோ எடுத்த பிறகு, 'வண்டியைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும்' என்ற பாலிசி நிபந்தனை உங்களுக்கு எதிராக மேசைக்கு வரும்.

மற்ற விபத்துகளில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. பின்னால் வந்த லாரி இடித்ததற்கும் ஏர் ஃபில்டருக்கும் சம்பந்தமில்லை என்று தாராளமாக வாதிடலாம். அமலேந்து சாஹூ வழக்கில் (2010), சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு விட்டு நிபந்தனையை மீறியவருக்குக்கூட, க்ளெய்மை மொத்தமாக மறுக்காமல் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு அடிபட்டால், மூன்றாம் நபர் இழப்பீட்டை மறுப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-வது பிரிவு அனுமதிக்கும் காரணங்களின் பட்டியலில் வண்டியில் மாற்றம் செய்தது என்று ஒன்று இல்லை. ஆனால் முக்கிய விவரத்தை மறைத்துப் பாலிசி எடுத்தது அந்தப் பட்டியலில் இருக்கிறது. நான்கு மாதம் முன்பு பாலிசி எடுத்தபோது வண்டி கம்பெனி நிலையில் இருந்தது, அதில் பொய் இல்லை. அடுத்த வருடப் புதுப்பித்தலில் வாயைத் திறக்காமல் இருந்தால்தான் சிக்கல். மாட்டுவதாக இருந்தால் பில்லோடு மின்னஞ்சல் அனுப்பி, பாலிசியில் துணைப்பொருளாக எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் சேர்க்கும் திருத்தக் குறிப்பு) போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் பம்பருக்குள் இறங்கும் குழாய் வேண்டவே வேண்டாம். ஆசை விடவில்லை என்றால், ஒரிஜினல் ஏர் பாக்ஸுக்குள்ளேயே உட்காரும் ஃபில்டராக வாங்குங்கள், அதுவும் எண்ணெய் தடவாத வகையாக. அது தேய்மானப் பாகத்தை மாற்றுவதுதான். அதை 52-க்குள் இழுக்க யாராலும் முடியாது. குதிரைத்திறன் பெரிதாக ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரிஜினல் பாக்ஸே பெரும்பாலும் கிரில் பக்கமிருந்து வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. 28,000 ரூபாயில் பாதிக்கு மேல் அந்த 'ஸ்ஸ்' சத்தத்துக்காகத்தான் போகிறது. உங்கள் கம்பெனியே தன் ஆக்சஸரி பட்டியலில் இன்டேக் விற்றால் அது வேறு கதை. டீலரிடமே மாட்டி, ஜாப் கார்டில் எழுத வையுங்கள்.

எதை வாங்கினாலும் அதற்கு முன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இந்தப் பாகத்தை மாட்டினால் வாரன்டியின் எந்த நிபந்தனைப்படி, எந்தெந்தப் பாகங்களுக்குப் பாதுகாப்பு போகும்? அட்வைசர் வாயால் சொன்னதை ஆணையத்தில் காட்ட முடியாது. அப்புறம், சர்வீஸுக்கு விடும்முன் இன்டேக்கைக் கழற்றிப் பழைய பாக்ஸை மாட்டிவிடச் சொல்லி நண்பர்கள் யோசனை சொல்வார்கள். பழைய பாக்ஸைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் இதற்காக அல்ல. ஈசியூ பதிவு காட்டிக் கொடுத்துவிட்டால், நியாயமாகக் கிடைக்க வேண்டிய க்ளெய்மும் 'தவறான தகவல்' என்று போய்விடும்.

விற்பவர் 'வாரன்டிக்கு ஒன்றும் ஆகாது' என்று சொன்னாரல்லவா? பாக எண் போட்ட ஜிஎஸ்டி பில்லோடு அதையும் எழுத்தில் கேளுங்கள். பொய்யாக அப்படி எழுதிக் கொடுத்து விற்றால் அது நியாயமற்ற வணிக நடைமுறை. அவர் மேலேயே புகார் போடலாம். எழுதிக் கொடுத்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். இத்தனை வருடத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.