வரிகள் ஏன் இடித்துக்கொள்கின்றன?
கணினி கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனத்துக்காக ஸ்டோரிலைன் 360 மென்பொருளில் செம்மை நெல் சாகுபடி பற்றி ஒரு பாடம் செய்துகொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்த பாடத்தைத் தமிழாக்குகிறோம். படத்தின் மேல் வரும் கேப்ஷன் பெட்டிகளில் மேல்வரி கீழ்வரியோடு இடிக்கிறது. என்டர் தட்டி விலக்கினால் பெட்டியே பிதுங்குகிறது. சில திரைகளில் எழுத்து தானாகவே சிறுத்துவிடுகிறது. மேட்டூர் திறந்து குறுவை தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும்.
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: நல்ல காரியம் செய்கிறீர்கள், சகோதரி. வரப்பில் நின்று போனைப் பார்க்கிறவர் ஒரு வரியைத் தப்பாகப் படித்துவிட்டால் நாற்று தப்பாக நடப்படும். அதனால் இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

முதலில் என்டரை விட்டுவிடுங்கள். கோளாறு அந்த ஆங்கிலப் பாடத்தில்தான் இருக்க வேண்டும். ஒரு பெட்டிக்குள் எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து, 'ஹோம்' பட்டையில் லைன் ஸ்பேசிங் பொத்தானை அழுத்தி, 'லைன் ஸ்பேசிங் ஆப்ஷன்ஸ்' திறந்து பாருங்கள். அங்கே 'எக்ஸாக்ட்லி' என்று இருந்து, பக்கத்தில் 20 புள்ளி (பாயின்ட்) மாதிரி ஓர் எண் இருந்தால், உங்கள் வியாதி அதுதான். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்து யாரோ வரி உயரத்தை ஆணியடித்து வைத்திருக்கிறார். எழுத்துருவை மாற்றினாலும், எழுத்தைப் பெரிதாக்கினாலும் அந்த உயரம் அசையாது.

ஆங்கிலத்தில் ஜி, ஜே, பி, கியூ, வொய் என்ற சில சிற்றெழுத்துகள்தாம் கோட்டுக்குக் கீழே இறங்கும். நம் எழுத்தில் மேலும் கீழும் எப்போதும் நடமாட்டம். 'குத்துக்கு ஒன்று' என்று ஒரு வரி, அதன் கீழே '25 செ.மீ.' என்று ஒரு வரி வருகிறது என்று வையுங்கள். மேலே 'று'வின் கால் இறங்கி வளைகிறது. கீழே 'மீ'யின் மேல்விலங்குச் சுழி ஏறிச் சுருள்கிறது. இரண்டும் ஒரே இடத்துக்கு வந்தால் மோதத்தான் செய்யும். கும்பகோணத்தில் அச்சகத்தில் பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகையும் கும்பாபிஷேகப் பத்திரிகையும் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 12 புள்ளி தமிழுக்கு 16 புள்ளிக்குக் குறைந்து லீடிங் (வரிக்கு வரி உயரம்) கொடுக்க எங்கள் முதலாளி விடமாட்டார். திரையிலும் தமிழுக்கு அப்படிக் கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டும்.

ஆகவே 'எக்ஸாக்ட்லி'யை 'மல்டிபிள்' ஆக்கி 1.3 கொடுங்கள். நிர்மலா யுஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற இரண்டு எழுத்துருவுக்கும் நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். நெருக்கமாகத் தெரிந்தால் 1.4. அதற்கு மேல் போனால் ஒரே வாக்கியம் இரண்டு வாக்கியம்போலப் பிரிந்து நிற்கும். இரண்டு கருத்துக்கு நடுவே இடம் வேண்டுமானால் அதே பெட்டியில் 'ஆஃப்டர்' என்ற இடத்தில் 6 புள்ளி கொடுங்கள். வெற்று வரி போடாதீர்கள். மொழிபெயர்ப்புக்காக எழுத்துகளை வேர்டு கோப்பாக வெளியே எடுக்கும்போது வெற்று வரியெல்லாம் குப்பையாகக் கூடவே வரும்.

எழுத்து தானாகச் சிறுப்பதற்குக் காரணம் வேறு. பெட்டியில் வலது சொடுக்கி 'ஃபார்மட் ஷேப்', அதற்குள் 'டெக்ஸ்ட் பாக்ஸ்' போனால் ஆட்டோஃபிட் இருக்கும். 'ஷ்ரிங்க் டெக்ஸ்ட் ஆன் ஓவர்ஃப்ளோ' தேர்வாகியிருந்தால், வாக்கியம் நீள நீள எழுத்து சுருங்கும். தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தைவிட நீளமானதால் ஒவ்வொரு திரையிலும் ஒவ்வோர் அளவு. 'ரீசைஸ் ஷேப் டு ஃபிட் டெக்ஸ்ட்' வையுங்கள். எழுத்து நிற்கும், பெட்டி வளரும். அதே இடத்தில் இன்டர்னல் மார்ஜின் நான்கு பக்கமும் இருக்கிறது. கீழ்ப்பக்கம் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், கடைசி வரியின் கால்கள் விளிம்பில் ஒட்டாது.

ஒரு பெட்டியைச் சரிசெய்ததும் ஃபார்மட் பெயின்டரால் மற்றவற்றுக்குப் பூசிவிடலாம். 'ஜஸ்டிஃபை' மட்டும் வேண்டாம். நம் சொற்கள் நீளம். குறுகிய பெட்டியில் இரண்டு சொல்லை இரண்டு ஓரத்துக்கு இழுத்துவிட்டு நடுவே பொட்டலாகக் கிடக்கும். இடப்பக்கம் ஒட்டி விடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் போனில் ஒரு முறை பார்க்காமல் அனுப்பாதீர்கள். உங்கள் பாடத்தின் திரை அளவு 720க்கு 540 என்று வையுங்கள். போனை நிமிர்த்திப் பிடித்தால் அந்த அகலம் ஏறக்குறைய பாதியாகிறது, எழுத்தும் கூடவே பாதியாகிறது. கணினியில் 18 புள்ளியில் பளிச்சென்று தெரிந்தது அங்கே 9 புள்ளி. அறுபது வயது விவசாயி வெயிலில் நின்று அதைப் படிக்க முடியாது. 24க்குக் கீழே இறங்காதீர்கள்.

24 வைத்தால் இடம் போதாதே என்பீர்கள். அங்கேதான் வாக்கியத்தில் கை வைக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இப்படி இருந்தது: 'பதினான்கு நாட்கள் வயதுடைய நாற்றுகளைக் குத்துக்கு ஒன்று வீதம் 25 செ.மீ. × 25 செ.மீ. இடைவெளியில் சதுர நடவு முறையில் நடவு செய்தல் வேண்டும்.' இது அறிக்கைத் தமிழ். இதையே,

14 நாள் நாற்று. குத்துக்கு ஒன்று.
வரிசைக்கு வரிசை 25 செ.மீ.
குத்துக்குக் குத்து 25 செ.மீ.

என்று எழுதிப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் நடவாட்கள் பேசிக்கொள்வதும் இப்படித்தான். 25 ஒரு வரியிலும் செ.மீ. அடுத்த வரியிலும் போய் விழக்கூடாது. அளவு பிரிந்தால் ஆள் குழம்புவார். அங்கே மட்டும் ஷிஃப்ட்டும் என்டரும் சேர்த்துத் தட்டி வரியை முன்னதாகவே மடக்கிக்கொள்ளலாம், குற்றமில்லை.

கேள்வி: பழைய பாமினி கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் என் கணினியில் தமிழாகத் தெரிகிறது, அண்ணன் கணினியில் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறதே?
– ஒரு வாசகர், திருவையாறு

பதில்: தம்பி, பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், தமிழ் உருவம் மட்டும் மேலே வரையப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் சாயம் வெளுத்துவிடும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒரு மென்பொருளால் யூனிகோடுக்கு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றிவிட்டு ஒட்டுங்கள். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றாயிற்று. மாற்றியபின் ஒரு முறை கண்ணால் படித்துப் பாருங்கள், குறிப்பாக எண்களும் நிறுத்தக்குறிகளும் வரும் இடங்களை.

கேள்வி: பார்வை குறைந்தவர்களுக்காக எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டச் சொல்கிறார்கள். தமிழில் செய்யலாமா?
– ஒரு கணினி ஆசிரியை, மயிலாடுதுறை

பதில்: இணையப் பக்கங்களை உடற்குறை உள்ளவர்களும் பயன்படுத்துவதற்காக 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 நெறிமுறையைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். படிப்பவர் வரி உயரத்தை எழுத்தளவைப்போல் 1.5 மடங்கும், எழுத்திடைவெளியை 0.12 மடங்கும் கூட்டிக்கொண்டாலும் உள்ளடக்கம் மறைந்துவிடக் கூடாது என்கிறது அது. நீங்களே அப்படிக் கூட்டி வைத்துத்தான் தர வேண்டும் என்பதல்ல. ஒரு மொழியின் எழுத்தில் இல்லாத வழக்கத்துக்கு விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். 'கொ' என்பதில் கொம்பும் காலும் ககரத்தோடு சேர்ந்து ஓர் எழுத்து. சில மென்பொருள்களில் இடைவெளி கூட்டினால் கொம்பு தனியே, கால் தனியே விலகிவிடும். ஆகவே எழுத்திடைவெளியைத் தொடாமல், வரி உயரத்தை 1.5 ஆக்கிச் சோதியுங்கள். அப்போதும் கடைசி வரி வெட்டுப்படாமல் பெட்டிக்குள் நின்றால் போதும்.