ஏறுவது இருக்கட்டும், நிற்குமா?

இந்த முறை வீட்டு ஷெட்டில் கார் லிஃப்ட் போடுவது பற்றிய கடிதங்கள். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: டூ போஸ்ட் லிஃப்ட் வாங்கி, ஆயில் மாற்றுவது முதல் பிரேக் வேலை வரை வீட்டிலேயே பார்க்கிறேன். வேண்டிய உயரம் வந்ததும் ஸ்விட்சை விட்டால் வண்டி அப்படியே நிற்கிறது. மாட்டிக் கொடுத்தவரோ, "ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறக்கி லாக்கில் உட்கார வைங்க" என்கிறார். அவசியமா? (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: அவர் போன் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் குறைவு.

ஹைட்ராலிக் ஆயில் காரைத் தூக்கத்தான். மணிக்கணக்கில் தாங்கி நிற்பது அதன் வேலை இல்லை. சிலிண்டர் சீல் லேசாகக் கசிந்தால் வண்டி கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும். ஹோஸ் வெடித்தால் கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் இறங்கும். இதற்காகத்தான் ஒவ்வொரு போஸ்ட்டுக்குள்ளும், அதாவது தூணுக்குள்ளும், லாக் என்று ஒரு இரும்பு நாக்கு வைத்திருக்கிறார்கள். லிஃப்ட் ஏறும்போது 'டக், டக்' என்று கேட்கிறதே, அது அந்த நாக்கு பல் பல்லாகத் தாண்டும் சத்தம். சத்தம் கேட்டுவிட்டது, லாக் ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எடை இன்னமும் ஆயிலின் மேல்தான் இருக்கிறது. வேண்டிய உயரத்தைத் தாண்டி 'டக்' கேட்டதும் ஏற்றுவதை நிறுத்துங்கள். லாக் லீவரைத் தொடாமல், இறக்கும் வால்வை மட்டும் மெதுவாக அழுத்துங்கள். இரண்டு பக்கமும் இரும்பின் மேல் இரும்பு உட்கார்ந்து லிஃப்ட் தானாக நிற்கும். அதற்கப்புறம்தான் நீங்கள் அடியில் போக வேண்டும். வண்டியை இறக்கும்போது முதலில் சற்று மேலே ஏற்றி எடையை நாக்கிலிருந்து விலக்குங்கள், பிறகு லாக்கை எடுத்துவிட்டு இறக்குங்கள்.

இதில் எனக்கு நெடுநாள் எரிச்சல் ஒன்று உண்டு. கடையில் டெமோ கேட்டுப் பாருங்கள். பட்டனை அழுத்துவார், லிஃப்ட் சர்ரென்று ஏறும், "எத்தனை செகண்ட் பாத்தீங்களா சார்?" என்பார். லாக்கில் உட்கார வைத்துக் காட்டச் சொன்னால் முகம் மாறும். "அதெல்லாம் ஆட்டோமேட்டிக் சார்." நாக்கு தானாக விழும், உண்மைதான். அதன் மேல் எடையை உட்கார வைப்பது நம் வேலை. விளம்பர அட்டையில் டன் அளவு கொட்டை எழுத்தில் இருக்கும். லாக் எத்தனை, எத்தனை அங்குலத்துக்கு ஒரு பல் என்பது தேடினாலும் கிடைக்காது. வாங்குகிறவர்களும் எத்தனை டன், எவ்வளவு குறைப்பீர்கள் என்ற இரண்டு கேள்வியோடு பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். அப்புறம் கடைக்காரர் எதற்கு மெனக்கெடப் போகிறார்?

கேள்வி: காரோடு வந்த ஜாக்கியை வைத்துத் தூக்கி, பக்கத்தில் ஹாலோ பிளாக் அடுக்கிவிட்டு அடியில் படுக்கலாமா? (முத்தியால்பேட்டை)

பதில்: கூடாது. அந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும். ஹாலோ பிளாக் விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும். இரும்புப் பின் செருகிப் பூட்டும் ஜாக் ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குங்கள். 'மூன்று டன்' என்று பெட்டியில் அச்சடித்த டிராலி ஜாக்கி ஒன்று என் வீட்டு மூலையிலும் கிடக்கிறது. தூக்கி வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் சக்கரம் தரையைத் தொட்டிருக்கும்.

கேள்வி: புதுச்சேரியில் ஒரு கடையில் புது டூ போஸ்ட் லிஃப்ட் வாங்கினேன். கடன் வாங்கித்தான் வாங்கினேன். மாட்டிய மறுநாளே பார்த்தேன், இடது போஸ்ட்டில் லாக் விழவே இல்லை. கடைக்காரர், "ஒரு பக்கம் விழுந்தா போதும். விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், பில்லிலேயே போட்டிருக்கு. கேஸ் போடணும்னா பாண்டிக்கு வந்து போட்டுக்கோங்க" என்கிறார். இரண்டு வாரமாக அலைகிறேன். (மஞ்சக்குப்பம்)

பதில்: ஒரு பக்கம் போதும் என்றவரை அந்த லிஃப்ட்டுக்கு அடியில் கால் மணி நேரம் நிற்கச் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில், அதன் மேல் வண்டியை ஏற்றாதீர்கள். காலியாகவே ஏற்றி, போஸ்ட் மூடியைக் கழற்றி நாக்கைப் பாருங்கள். பல லிஃப்ட்டுகளில் இரண்டு பக்க லாக்கையும் ஒரே லீவர் இழுக்கும். நடுவில் ஒரு கேபிள் ஓடும். அது அளவுக்கு மேல் இறுக்கமாக இருந்தால் ஒரு பக்க நாக்கு பல் வரை வராமலே நிற்கும். அப்படியென்றால் மெக்கானிக் வந்து கேபிளைச் சரிசெய்தாலே போதும். நாக்கோ ஸ்பிரிங்கோ இல்லை, பல் தேய்ந்திருக்கிறது என்றால் அது குறையுள்ள பொருள். இரண்டில் எதுவானாலும், லாக் விழாமல் இருப்பதை இரு போஸ்ட்டும் தெரியும்படி வீடியோ எடுத்துவையுங்கள்.

இப்போது சட்டம். பில்லில் அச்சடித்துவிட்டால் சட்டம் ஆகிவிடாது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று கணக்கு. உங்களுக்கு இரண்டு வாரம்தான் போயிருக்கிறது. இன்றே எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில். போனில் பேசிப் பேசி நாளை ஓட்டாதீர்கள், அவருக்கு வேண்டியது அதுதான்.

பாண்டிக்கு வரச் சொல்வது வெறும் மிரட்டல். பழைய சட்டத்தில் அந்த அலைச்சல் இருந்தது. இப்போது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிடுங்கள். சில கடைகள் அதற்கே இறங்கி வரும். வீட்டு உபயோகத்துக்கு வாங்கியது என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் வணிக நோக்கம் என்று சொல்லி நழுவப் பார்ப்பார்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: பில் வேண்டாம் என்றால் விலையைக் குறைக்கிறார். லாபம்தானே? (அரியாங்குப்பம்)

பதில்: அவருக்கு. மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டு, பில் இல்லாமல் அதில் எதைச் செய்வீர்கள் என்று பாருங்கள்.

கேள்வி: ராத்திரியில் லாக் சத்தம் அதிகம், பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். லீவரைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கிறேன். இப்போது சத்தமே இல்லை. இதனால் மெஷினுக்கு ஏதாவது கெடுதலா? (நெல்லிக்குப்பம்)

பதில்: மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. உங்களுக்குத்தான் ஆகும். கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பகலில் வேலை பாருங்கள்.

கேள்வி: மூடிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் ஃபோர் போஸ்ட் லிஃப்ட் பாதி விலைக்கு வருகிறது. 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் தண்ணீரில் நின்றது என்று கேள்வி. பெயிண்ட் புதிதாக இருக்கிறது. வாங்கலாமா? (லாஸ்பேட்டை)

பதில்: புதிய பெயிண்ட் என்றதும் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடுகிறது. ஃபோர் போஸ்ட் லிஃப்ட்டை இறக்கி நிறுத்தினால் பிளாட்பாரம் தரையோடு தரையாக இருக்கும். அதற்கடியில்தான் அதைத் தூக்கும் வயர் ரோப்பும் புல்லியும் ஓடுகின்றன. வெள்ளம் வந்தால் முதலில் நனைவது அதுதான், நம் பக்கத்து உப்புக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மேலே ஏற்றி லாக்கில் உட்கார வைத்த பிறகு, ரோப்பின் மேல் ஒரு துணியை வைத்து நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். துணி சிக்கினால் இழை அறுந்திருக்கிறது. வெறும் கையால் தடவாதீர்கள். ரோப்பை மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

லாக்கை நான்கு போஸ்ட்டிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். காலியாக ஏற்றும்போது போஸ்ட்டுக்கு ஒருவராக நான்கு பேரை நிறுத்துங்கள். ஸ்பிரிங் துருப்பிடித்தால் நாக்கு சோம்பேறியாகிவிடும், ஒரு பல்லில் விழும், அடுத்த பல்லில் விழாது. ரோப் அறுந்தால் அந்த மூலையைப் பிடிக்க வேண்டிய லாக் தனியாக இருக்கிறதா, வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள். விற்பவர் இதையெல்லாம் செய்து காட்ட மறுத்தால், பேரம் பேசாமல் திரும்பி வாருங்கள்.

வாங்குவதென்று முடிவானால், உங்கள் ஷெட் தரையையும் கொஞ்சம் பாருங்கள். டைல்ஸுக்கு அடியில் மணலும் இரண்டு அங்குல ஜல்லியும் மட்டும் இருந்தால் போஸ்ட்டைத் தரையோடு இறுக்கும் ஆங்கர் போல்ட் பிடிக்காது. தயாரிப்பாளர் எத்தனை அங்குலம் கான்கிரீட் கேட்கிறாரோ அத்தனையும் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.